இருநூற்றெண்பது ஜிஎஸ்எம்

நெதர்லாந்தின் குளிர் எனக்கு எடையாகத்தான் தெரியும்:
இருநூற்றெண்பது ஜிஎஸ்எம், உட்புறம் பிரஷ் செய்தது,
கழுத்து உயரம் ஆறு சென்டிமீட்டர்.
ஒன்பது வருஷமாய் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு
மே மாத வெயிலில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்
ஜனவரியை.

இரண்டு வருஷச் சீட்டு எடுத்து
நால்வரும் விசாவுக்கு எழுதினோம்.
மோகனப்பிரியாவுக்கு வந்தது, தௌலத்துக்கு வந்தது, எனக்கும்.
பூபதிக்கு ஒரு தாள் வந்தது:
நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில்
எங்களுக்கு நியாயமான ஐயம் இருக்கிறது.

சாயப்பட்டறை பாய்லருக்குப் பக்கத்தில் நின்று படித்தான்.
"எங்கீங்க போயிருவேன் நானு?"
என்று அந்தத் தாளிடமே கேட்டான், மரியாதையாக.

டிக்கெட்டை ரத்து செய்தோம். பாதிப் பணம் வந்தது.
லீவு மட்டும் கையெழுத்தாகி அப்படியே கிடந்தது.
யார் முதலில் சொன்னதென்று நினைவில்லை;
டிசம்பர் இருபத்தாறு, வெள்ளி, காலை ஐந்தரைக்கு
அவனுடைய ஆம்னியில் ஏறினோம்,
ஏற்றுமதியில் கழித்துப்போட்ட நீல ஜாக்கெட் ஆளுக்கொன்று,
பயண அட்டவணை மோகனப்பிரியா மடியில்.

ஆம்ஸ்டர்டாம் என்று அவள் வாசித்தபோது
நொய்யல் பாலத்தில் இருந்தோம்.
இறங்கிப் பார்த்தோம். கால்வாய்தான், சந்தேகமில்லை.
பூபதி குனிந்து தண்ணீரின் நிறம் பார்த்தான்.
"இது எங்க பட்டறைது இல்லீங்க."
நாங்கள் யாரும் கேட்கவில்லை.

காங்கேயம் தாண்டிக் கௌடா.
உருண்டை உருண்டையாய்ச் சீஸ் அடுக்கியிருக்கும் சந்தை என்று
அட்டவணையில் இருந்தது.
களம் நிறையக் கொப்பரை,
வானம் பார்த்த வெள்ளைக் கிண்ணங்கள்,
கந்தகப் புகை மூக்கைக் குத்தியது.
ஒன்றைக் கடித்துப் பார்த்துத் தௌலத் சொன்னாள்:
"உப்பு பத்தல."

யூட்ரெக்ட்டுக்குச் சைக்கிள் வேண்டும்.
தாராபுரத்தில் பள்ளிக்கூட ஷெட் காலி,
அரைப்பரீட்சை லீவு.
மூலையில் ஒரே ஒரு சைக்கிள், பின்சக்கரம் இல்லாமல்.
பத்து நிமிஷம் மரியாதைக்கு நின்றோம்.

அப்புறம் காற்றாலைகள்.
இதில் மட்டும் நாங்கள் தோற்கவில்லை.
உடுமலை ரோட்டில் நூறு, இருநூறு, எண்ணி மாளாது,
சோளக்காட்டுக்கு மேல் வெள்ளை வெள்ளையாய்.
ஒன்றுகூடச் சுற்றவில்லை.
வாட்ச்மேன் மப்ளரை விலக்கிக்கொண்டு பேசினார்:
"மார்கழில வந்து நின்னா எப்புடிங்க?
ஆடில வாங்க.
இங்க நின்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா
தாராபுரத்துல போயித்தான் பொறுக்கோணும்."

பகல் முப்பத்தோரு டிகிரி.
ஜாக்கெட்டைக் கழற்றப் பூபதி மட்டும் மறுத்துவிட்டான்.
அக்குளில் உப்புப் பூத்திருந்தது.

பொள்ளாச்சி பக்கம், வாய்க்கால் மேட்டில் ராத்திரி.
மூன்று மணிக்குப் பனி இறங்கித்
தென்னைகளை இடுப்புவரை விழுங்கியது.
அப்போதுதான் கேட்டான்,
"அந்த ஸ்டிக்கரைச் சித்த காட்டுங்களேன்."

தௌலத் பையைத் துழாவிப் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.
நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன்.
கட்டைவிரலை நாக்கில் நனைத்து
விசாவின் ஓரத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்தான்,
துணிக்குத் தேய்ப்பதுபோலவே.
விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.
"சாயம் எறங்கல. நல்ல வேலைங்க."

எனக்கு முதன்முறையாகக் குளிரியது.
இருநூற்றெண்பது போதவில்லை.
முந்நூற்றிருபதாவது கொடுத்திருக்க வேண்டும்,
இத்தனை வருஷமும், அந்தப் பிள்ளைகளுக்கு.

ஞாயிறு இரவு பத்தே முக்காலுக்குத் திருப்பூர்.
பெட்ரோல் கணக்கை நாலாய் வகுத்தோம், இரண்டு ரூபாய் இடித்தது.
வண்டியை ஓரங்கட்டி
டேஷ்போர்டிலிருந்து அந்தத் தாளை எடுத்து
பின்பக்கத்தில் எழுதினான்: முந்நூற்று எழுபது கிலோமீட்டர்.
அதற்குக் கீழே, திரும்பி வந்த நேரம்.
பேனாவை எங்கள் பக்கம் நீட்டினான்,
சாட்சிக்கு.

மூன்று பேரும் போட்டோம்.