சி. எஸ்.

மே மாதம் எனக்கு
எழுத்துகளை உரிக்கிற மாதம்.

பயிற்சிச் சட்டையின் நெஞ்சில் ஒட்டிய
பெயரின் முதலெழுத்துகளை
நீராவி காட்டி, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும்.
ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாலும்
பிசின் முழுசாய்ப் போகாது.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழையவன் தெரிவான்.
ஆகஸ்டில் அதைப் போட்டுக்கொள்கிற பையன்
சாய்த்துப் பார்ப்பதில்லை.

என் சலவை அறைக்கும் மேலாளர் அறைக்கும் நடுவே
வெறும் பலகைச் சுவர்.
இயந்திரம் பிழிந்து முடித்தால் எல்லாம் கேட்கும்.
பையனுக்கு ஏழு நிமிடம்.
வைத்துக்கொள்கிறவனிடம் இரண்டிலேயே முடியும்.
அனுப்புகிறவனிடம்தான் பாராட்டு நீளும்:
உன் உழைப்பு, உன் குடும்பம், உன் ஒழுக்கம்.
"ஒழுக்கம்" காதில் விழுந்தாலே
நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிவிடுவேன்.

கோரி ஸ்டாதர்ஸ் எட்டு வயதில் வந்தான்.
விழுந்த பால்பல்லைக் காலுறைக்குள் வைத்து
மறந்துபோனான்.
நாள் முழுக்க என் இயந்திரத்துக்குள்
கடகடவென்று ஏதோ உருண்டது.
ஸ்பேனரோடு ஆள் வந்து திறந்து பார்த்தான்:
பல்.

அந்த வருஷத்துப் படம் நடைக்கூடத்தில் தொங்குகிறது.
பதினாறு பேர், கையைக் கட்டிக்கொண்டு,
பெரிய மனிதர்கள் மாதிரி.
இன்று பந்தால் சோறு தின்கிறவர்களை
விரல் விட்டு எண்ண
விரலே வேண்டாம்.
ஒருவன் குழாய் பொருத்துகிறான்.
ஒருவன் ஹம்பர் பாலத்தடியில் நாய் பழக்குகிறான்.
எஃபே எங்கே என்று தெரியவில்லை.
அவன் அம்மா என்னைக் கண்டால்
எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறாள்.

கோரியை மட்டும் இரண்டு மே மாதங்கள் விட்டுவைத்தன.

பத்தொன்பது வயதில், மழை கொட்டிய செவ்வாய் இரவு,
கோப்பை ஆட்டத்தில்,
எண்பத்தெட்டாவது நிமிடம் இறக்கினார்கள்.
எண் நாற்பத்து மூன்று.
காயக் கணக்கையும் சேர்த்து நான்கு நிமிடம்.
பந்தை இரண்டு தடவை தொட்டான்,
ஒரு தடவை கையால், எல்லைக் கோட்டிலிருந்து வீச.

மறுநாள் காலை அவன் அம்மா போன் செய்தாள்:
"அந்தச் சட்டையைத் துவைத்துவிடாதீர்கள்."
அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.
"இல்லை, இன்னும் துவைக்கவில்லை" என்றேன்.
முப்பது வருஷ வேலையில்
அழுக்குக்காகப் பொய் சொன்னது அன்றுதான்.
மைதானத்து ஓரம் போய்க் குனிந்து
ஈரச் சேற்றை ஒரு விரலால் எடுத்து
முழங்கையில் பூசினேன். கொஞ்சம் தோளிலும்.

வாங்கிப் பார்த்தவள்
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு சிரித்தாள்.
"அவன் விழவே இல்லையே."
ஆனாலும் அதைக் கொண்டுபோனாள்,
சேறு உதிராமல், இரண்டு கைகளிலும் ஏந்தி,
பேருந்தில்.

அடுத்த மேயில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஏழு நிமிடம் தாண்டி ஒன்பதானது.
பெட்டி சூடேறிக் கிடந்தது.
வெளியே வந்தவன் என் கதவில் நின்று
பூட்ஸை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.
அது அவன் காசில் வாங்கிய பூட்ஸ்.
இப்போது கேரவன் தொழிற்சாலையில்
ஜன்னல்களுக்கு ரப்பர் ஒட்டுகிறான்.
கச்சிதமான கை என்கிறார்கள்.

போன வாரம் புதுப் பட்டியல் வந்தது.
சேஸ் சட்கிளிஃப், ஒன்பது வயது.
அதே சி. அதே எஸ்.
உரிக்கத் தேவையில்லை.
அளவுதான் மிகப் பெரிது.
மடித்து மேல் தட்டில் வைத்திருக்கிறேன்,
அவன் எட்டாத உயரத்தில்.