இரண்டு மைக்ரானுக்குக் கீழே

தில்லி நாராயணாவில் மூன்றாம் மாடி. ஜூன்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
கின்னௌரிலிருந்து வந்த பதினோரு துணிப்பைகள்
லிஃப்ட் ஓடாததால்
என் தோளில் ஏறி வந்தன.

பிரித்ததும் குளிர் வரும் என்று
ஒவ்வொரு முறையும் ஒரு நப்பாசை.
வந்தது டெம்போவின் டீசல் வாசம்.
அப்புறம், கொஞ்சம் தாமதமாக,
மக்கிய இலை.

மேல்மண் கறுப்பு.
மலைப் பாப்ளர்கள் வருஷா வருஷம் உதிர்த்த
மஞ்சளெல்லாம் போய்ச் சேர்ந்த கறுப்பு.
ஒரு முழம் கீழே செம்பழுப்புக் களிமண்,
உடைத்தால் பாளம் பாளமாக விடுகிறது,
பாளத்தின் மேல் மெழுகிவிட்ட மாதிரி மினுக்கு.
பனி உருகும்போதெல்லாம்
ஒரு சொட்டுத் தண்ணீர் ஒரு துகளைக்
கூட்டிக்கொண்டு போய்
வேருக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறது.
எத்தனை ஆயிரம் பனி என்று
படிவத்தில் கேட்கவில்லை.

நனைத்துப் பிசைந்து
கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நாடா இழுத்தேன்.
மணல் கலந்திருந்தால் முதல் அங்குலத்திலேயே அறுந்துவிடும்.
இது ஆள்காட்டி விரலைத் தாண்டித் தொங்கியது.
"கோமல்ஜி, ஜிலேபி பிழிகிறீர்களா?" என்றான் பர்வேஷ்.
கோமளவல்லி என்ற பெயரை
இந்த ஊர் இருபது வருஷம் முன்பே
முதல் அங்குலத்தில் அறுத்துவிட்டது.

பத்தரைக்கு ஜாடியைக் குலுக்கி வைத்தேன்.
நாற்பது விநாடியில் மணல் இறங்கிவிட்டது,
பழகிய பயணி பெர்த்தில் சாய்வது போல.
மதியத்துக்குப் பிறகு வண்டல்.
களி இறங்கவில்லை.
கீழே மெட்ரோ போகும்போதெல்லாம்
மேசை ஒரு தடவை அதிர,
ஜாடிக்குள் ஒரு மலைச்சரிவு
முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கியது.

சேத்தி சார் மூன்றாவது முறை எட்டிப் பார்த்தார்.
"நாலு மாடி ஹோட்டல். பார்ட்டி காத்திருக்கிறது.
ஐந்து மணிக்குள் ஒரு எண், போதும்."
எண் இருக்கிறது சார், இன்னும் மிதக்கிறது.
சொல்லவில்லை. தலையாட்டினேன்,
எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல்.

ஏழாம் பைக்குள் ஒரு சீட்டு.
பென்சிலில், சரிந்த இந்தி எழுத்தில்,
மண் தோண்டிய தேவகிஷன் நேகி எழுதியது.
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
'இங்கே மரங்கள் அடியில் வளைந்திருக்கின்றன.
கீழ்ப்பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்திருக்கின்றன.
எல்லாமே ஒரே மாதிரி.'
கூடவே, விழுந்ததோ போட்டதோ, ஒரு இலை.
தட்டையான காம்பு.
ஃபேன் காற்றில் மேசைமேல்
அது மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

சரிவு நகர்வது கண்ணுக்குத் தெரியாது.
வருஷத்துக்கு ஒரு நெல்மணி நீளம்
காலடியில் பூமி வழுக்க,
போக இடமில்லாமல் நின்றபடியே
வானம் எந்தப் பக்கம் என்று
மறுபடி மறுபடி திருத்திக்கொண்ட வளைவு அது.

படிவத்தில் மணலுக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
வண்டலுக்கு, களிக்கு, ஈரத்துக்கு இருக்கிறது.
பார்ட்டியின் கையெழுத்துக்குப் பெரிய கட்டம்.

ஆறரைக்குக் கரண்ட் போனது.
சேத்தி சார் போனார், பர்வேஷும் போனான்.
செல்போன் வெளிச்சத்தில் கடைசி அளவு எடுத்தேன்.
களி, நூற்றுக்கு ஐம்பத்திரண்டு.
அதை எழுதிவிட்டு, தாளின் ஓரத்தில்
நேகியின் மூன்று வரிகளையும்
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்.
காலையில் யாராவது அடிக்கலாம்.
பேனாவில்தான் எழுதியிருக்கிறேன்,
அடித்தாலும் அடித்தது தெரியும்.

வீட்டில் மூன்று முறை கை கழுவினேன்.
தோசை திருப்பும்போது பார்த்தால்
நகக்கண்ணில் இன்னும் செம்பழுப்பு.
பூட்டிய அறையின் இருட்டில்
மிச்சமும் இறங்கிக்கொண்டிருக்கும் இப்போது,
கடைசி மெட்ரோ போகிற வரைக்கும்
விட்டு விட்டு.