ஊசிக்கோடு

ராத்திரி ஷிப்ட் முடிந்து
மங்கலம் ரோட்டு டீக்கடை பெஞ்சில்
ஐந்தே முக்காலுக்கு ஸ்டேட்டஸ் எழுதுகிறேன்.
இருநூற்றெட்டு நாளாகிறது.
நடுவில் நாலு நாள் விட்டுப்போனது:
மூன்று நாள் காய்ச்சல்.
ஒரு நாள், எழுத ஒன்றுமில்லை என்று
எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு முன்பெல்லாம் ரோஜாப்பூ.
யாரோ சொன்ன காலை வணக்கம்
யாரோ பட்ட அடியில் யாரோ கற்ற பாடம்.
லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவன் மாதிரி
ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்,
உள்ளே என்ன சைஸ் என்று பார்த்ததில்லை.

ஒரு விடியலில் பூ இறங்கவில்லை.
நெட் சுற்றிக்கொண்டே இருந்தது.
எரிச்சலில் நானே அடித்தேன்:
'மூணாம் நம்பர் மிஷின்ல ஊசி ஒடஞ்சுதுங்க.
மாத்திட்டேன்.
அதுக்குள்ள ரெண்டு கிலோ துணி போயிருச்சு.'

அறுபத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.
கொழுந்தியா, வீட்டு புரோக்கர்,
நான் சீட்டுப் பணம் பாக்கி வைத்திருக்கும் பொங்கியண்ணன்.
சூப்பர்வைசர் போனே போட்டுவிட்டார்:
'ரெண்டு கிலோவா?'
சட்டை போடாமல்
பஸ் ஸ்டாண்டில் நின்ற மாதிரி இருந்தது.
மறுநாளும் போய் நின்றேன்.

நடுவில் ஒரு வாரம் அழகாக எழுதினேன்.
வைகறை என்றேன், புள்ளினம் என்றேன்.
மச்சான் கேட்டான்,
'ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா மாப்ள?'
அழித்துவிட்டு
வாயில் வருகிற 'ங்க'வை
வந்த இடத்திலேயே விட்டேன்.
கட்டைவிரலில் ஊசி ஏறிய புண் வேறு,
நீள வாக்கியம் அடித்தால் வலிக்கும்.
குட்டையாக எழுதினேன்.
புண் ஆறியும் வாக்கியம் வளரவில்லை.

ஒரு ஊசி லேசாகக் கோணினால் போதும்,
துணி நெடுக ஒரு கோடு விழும்.
சாயத்துக்குப் போய் வந்தாலும் அழியாது.
செக்கிங் துளசிமணி
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து
பில்லைப் புரட்டாமலே சொல்லும்:
'இது மூணாம் நம்பருங்க.'

போன செவ்வாய்க்கிழமை
என் போன் ஆயில் டப்பாவில் விழுந்தது.
பழக்கம் விடவில்லை.
கம்பெனி போனை வாங்கி
பேர் போடாமல் எழுதினேன்:
'இன்னைக்கு ஒரு ஊசியும் ஒடயலீங்க.
சும்மா நின்னுட்டிருந்தேன்.
சத்தம் நல்லா இருந்துச்சு.'

அந்தப் போனில் எழுத
ஆபீசில் ஏழு பேர் இருக்கிறார்கள்.
ஆறாவது நிமிடம்
துளசிமணியிடமிருந்து வந்தது:
'உங்க போனுக்கு என்னாச்சுங்க?'

திரும்பப் போய் நான் எழுதியதைப் படித்தேன்.
கடை லைட்டுக்கு நேராகப் பிடித்தும் பார்த்தேன்,
எங்கே அந்தக் கோடு என்று.
எனக்குத் தெரியவில்லை.