பதில் வராத பன்னிரண்டு நிமிடம்

ஆனி பிறந்ததும் பணகுடியில்
காற்றுக்கு வேலை கூடிவிடும்.
காற்றாலைகள் சம்பாதிக்கும்.
எனக்கு நெட் போகும்.

இராத்திரி வேலை. கடல் தாண்டிய ஏதோ ஒரு ஊர்
ஆஸ்பத்திரி பில்களில்
நோய்க்கு நோய் எண் போடுகிறவள் நான்.
கை ஒடிந்ததற்கு ஒன்று,
வாத்து கொத்தியதற்குக்கூட ஒன்று இருக்கிறது.
பாதி எண்ணில் திரை உறையும்.

சுயம்பு வந்தான், ஏணியோடு.
கேபிளைப் பார்க்கும் முன் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.
"லினக்ஸாக்கா இது? அதாம் சொல்லுதேன்.
விண்டோஸ் போடுங்க, பறக்கும்."
ஏணி சுவரில் சாயவே இல்லை.

சரி, நம் வீட்டுக் குற்றத்தை முதலில் பார்ப்போம்.
மின்சாரம் மிச்சம் பிடிக்க
வைஃபை அட்டை அவ்வப்போது கண்ணயருமாம்;
ஒரு வரிக் கட்டளையில் அதன் தூக்கத்தைப் பறித்தேன்.
டிஎன்எஸ் மாற்றினேன்.
பழைய கெர்னலுக்கு ஒருநாள் திரும்பிப் போனேன்.
வள்ளியூரில் இருபது மீட்டர் ஒயர் வாங்கி
ஜன்னல் கம்பி வழியே இழுத்தேன்,
இழுத்த அன்றே அதில் ஓர் ஓணான்.
போவது போய்க்கொண்டேதான் இருந்தது.

பிறகுதான் ஆறு வரியில் ஒரு ஸ்கிரிப்ட்.
ஐந்து நொடிக்கு ஒருமுறை
இரண்டு கதவைத் தட்டும்:
ஒன்று மேசை மேல் இருக்கும் ரவுட்டர்,
மற்றது ஊருக்கு வெளியே, எங்கோ.
யார் பதில் சொன்னது, யார் சொல்லவில்லை,
நேரம் போட்டு எழுதும்.
அபிப்பிராயம் சொல்லாது.

மூன்று வாரம்.
ரவுட்டர் ஒருமுறைகூடத் தவறவில்லை.
வெளிக்கதவு மட்டும்
02:41 முதல் 02:53.
மறுநாள் 23:10 முதல் 23:22.
அடுத்த நாள் ஒன்றுமில்லை.
புழுதி கிளம்பிய வெள்ளியன்று மூன்று தடவை.
எல்லாம் பன்னிரண்டு நிமிடம்,
முன்னே பின்னே ஒன்று.

காற்றில் ஆடும் ஒயர் கணக்குப் பார்த்து ஆடாது.
எலிக்குக் கடிகாரம் கிடையாது.
இது கை.
யாரோ பிடுங்குகிறார்கள். யாரோ திரும்பச் செருகுகிறார்கள்.

அச்சடித்துச் சுயம்புவிடம் நீட்டினேன்.
விரல் வைத்துப் படித்தான்.
இந்தத் தடவை ஏணியைத் தொடவில்லை,
செருப்பை மாட்டினான். "வாங்க."

செங்கல் சூளைக்குப் போகிற சந்தில் மூன்றாவது வீடு.
எங்கள் தெரு நெட் மொத்தமும்
மரிய சுகந்தியின் அலமாரி மேல்
ஒரு கறுப்புப் பெட்டியாய்ப் பச்சை சிமிட்டிக்கொண்டிருந்தது,
மாதம் நூற்றைம்பது ரூபாய் வாடகைக்கு.
அந்த அறைக்கு ஒரே பிளக்.
"பிள்ளைக்கு இழுக்கும்போது கழத்துவேன்க்கா.
மிசின்ல மருந்து தீர்ந்ததும் மாட்டிருவேன்.
நடுச்சாமத்துல எவன் நெட்டு பாக்கப் போறான்னு..."

மீன் படம் போட்ட சின்ன முகமூடி
ஆணியில் தொங்கியது.
ஜெஃப்ரின் என் தாளைப் பிடுங்கி
வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்தில்
ஒரு லாரி வரைந்தான்.

இதற்கும் எண் உண்டு. ஜே நாற்பத்தைந்து.
எத்தனை நூறு பில்லில் அடித்திருப்பேன்,
விரலுக்கு மனப்பாடம்.

நாலு பிளக் ஜங்ஷன் பாக்ஸ், இருநூற்று எண்பது ரூபாய்.
கடைசித் திருகை முறுக்கி நிமிரும்போது
சுயம்பு சொன்னான், "லினக்ஸ் மேல தப்பு இல்லக்கா."
மன்னிப்பு அவ்வளவுதான்.

ஆடி வந்துவிட்டது. பல்லில் மண் நெறிபடுகிறது.
கோப்பில் இப்போது ஓட்டையே இல்லை.
இரண்டே முக்காலுக்கு
பில்லைப் பாதியில் விட்டுவிட்டு
அந்த வரிகளைத் திறந்து பார்க்கிறேன்.
பதில். பதில். பதில். பதில்.
நேற்று அவனுக்கு எப்படி இருந்தது என்று
இதில் எங்கும் இல்லை.