டீ, பன்னிரண்டு ரூபாய்

நாலு லட்சத்து முப்பதாயிரம்.
எழுத்தில் எழுதினால் இன்னும் நீளமாகத் தெரிகிறது என்று
எண்ணில் எழுதினாள் எஸ்தர்,
அரிசிக்கடை காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்.

ரம்மியில் போனது என்று யாருக்கும் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரி செலவு என்றாள் தன் அம்மாவிடம்.
என்ன வியாதி என்று கேட்டதற்கு
என் பக்கம் கையைக் காட்டினாள்.
அது பொய்யில்லை.

முதலில் தணிகாசலம், அவன் வட்டிதான் ஓடுகிறது.
அப்புறம் குழுக்கடன்.
அடகுக்கடை கடைசியில்.
"நகை பசிக்குதுன்னு அழாது" என்றாள்.

வெட்டியதில் முதல் வெட்டு என் போன்.
தொடுதிரை போய் பட்டன் வந்தது.
ராத்திரி கட்டைவிரல் தானாக நகரும்,
போர்வைமேல் சீட்டைத் தள்ளுகிற மாதிரி.
அவள் பார்த்தாள். விளக்கை அணைத்தாள்.

கேபிள் போனது.
தண்ணீர் கேன் போனது.
நாலரைக்கு மெட்ரோ லாரிக்குக் குடம் வைப்பது என் வேலை.
வரிசை முழுக்கப் பெண்கள்.
"இன்னா, எஸ்தர் புருஷன், வேலைக்குப் போவலையா?"
போறேன், ஷிப்ட்டு எட்டு மணிக்கு.
யார்டில் கண்டெய்னர் எண் குறிக்கிறவன் நான்.
பதினாலு வருஷத்தில் ஒரு எண் தப்பாய் எழுதியதில்லை
என்று சொல்ல நினைத்தேன்.
குடம் நிரம்பிவிட்டது.

வஞ்சிரம் எங்கள் வீட்டை மறந்தது.
காசிமேட்டில் ஏலம் முடிந்து
ஐஸ் கரைந்து ஓடுகிற நேரத்துக்குப் போனால்
காரப்பொடி கூறு மலிவு.
முள்ளோடு மென்றுவிடலாம், மிச்சம் வைக்கிற வேலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தோவை பெனிட்டா கேட்கவேயில்லை.
கேட்காமலிருக்க எப்போது கற்றுக்கொண்டாள்,
நான் எந்த ஆட்டத்தில் இருந்தேன் அப்போது?

அவள் பாக்ஸிங் போகிறாள், நாற்பத்தெட்டு கிலோவில்.
நாளைக்கு நாலு முட்டை என்று கோச் சொல்லியிருந்தார்.
எஸ்தர் நாலை அடித்து ரெண்டு என்று எழுதினாள்.
ரெண்டை அடித்து மூன்று.
பேனாவை வாயில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
பிறகு மூன்று மாதமாகத் தாளுக்குத் தாள் தள்ளிவந்த
'நைட்டி – ஒன்று' என்பதன்மேல் கோடு போட்டு
மறுபடி நாலு என்று எழுதினாள்.
தாள் அந்த இடத்தில் கிழிந்திருந்தது.

என் பெயரில் ஒரே வரி:
அவரு – டீ – 12.

ஒன்பது நாள் குடிக்கவில்லை.
நூற்றெட்டு ரூபாயை
மிளகாய்த்தூள் டப்பாவின் கீழ் வைத்தேன்,
சந்தோஷப்படுவாள் என்று.

எடுத்து எண்ணினாள்.
முகம் வெளுத்தது.
"இது எங்கேர்ந்து வந்துச்சு?
மறுபடி ஆடுறியா?"

பட்டன் போனை எடுத்துக் காட்டினேன்.
ஒன்பது நாள் டீ என்றேன்.
சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன்,
கொக்கிப் பேருந்தில் பிடிபட்டவன் போல.

வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:
"குடிக்கலைன்னா குடிக்கலைன்னு எழுதணும்.
கணக்குல இல்லாத காசு
போனாலும் பயம், வந்தாலும் பயம் எனக்கு.
நாளைலேர்ந்து குடிச்சிட்டு வா.
எந்தக் கடைன்னு சொல்லு."

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம், சொன்னேன்.

இன்று கேட் போட்டிருந்தது.
டேங்கர் வண்டி போய்க்கொண்டே இருந்தது,
எண்ணெய் வாசனையோடு.
பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன்.
ஜோக்கர் இல்லை, செட் சேரவில்லை,
வெறும் பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக.
நாற்பத்தொன்றில் நிறுத்தினேன்.
எங்களுக்கு இன்னும் அத்தனை மாதம்.
வண்டி நிற்கவில்லை, போய்க்கொண்டிருந்தது.

கேட் தூக்கியபோது
கிளாஸில் பாதி இருந்தது, ஆடை படிந்து.
பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.
நின்று குடித்து முடித்தேன்.
எழுதியிருக்கிறாளே.