இரண்டே கால் அடி

கட்டபெட்டு தாண்டித் தேயிலைச் சரிவில் இறங்கினோம்,
நானும் டேப் பிடிக்கும் அற்புதராஜும்.
நீதிமன்ற உத்தரவு பையில் இருந்தது.
ஒரு பண்ணை வீடு, அண்ணன் தம்பி ஐந்து பேர்,
அளந்து ஐந்தாக்க வேண்டும்.

வாசல் வளைவின் நடுக்கல்லில் 1868.
படிவத்தில் கட்டடத்தின் வயதுக்கு
இரண்டே கட்டம்.

மூத்தவர் பெள்ளி கவுடர்
கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"துரை கட்டுன வீடு சார்.
ஐம்பத்தொண்ணுல எங்கப்பா
உருளைக்கிழங்குப் பணத்துல வாங்குனது.
போறப்ப துரை
கடிகாரத்த மட்டும் கழட்டிட்டுப் போனான்."
கடிகாரம் இருந்த வட்டம்
இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது.

எழுதிக்கொண்டேன்.
கூரைச் சரிவு ஐம்பது பாகை.
வெண்பனி வழுக்கி விழுவதற்கான கோணம் அது.
உறைபனி புல்லோடு நின்றுவிடும் இந்த ஊரில்
நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக
வராத பனிக்குச் சாய்ந்து கொடுத்து நிற்கிறது.
கூரை விளிம்புப் பலகையில் செதுக்கிய பூவேலை.
மழை பூவைத் தின்று காம்பை விட்டிருக்கிறது.
முன்பக்கம் பிதுங்கிய சன்னலில் பழைய கண்ணாடி,
தலையை அசைத்தால் பள்ளத்தாக்கே நெளிகிறது.
சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும்:
நான் அடித்துப் பார்த்த ஆணி வளைந்தது.
பாலறைத் தரையை அறுத்து ஓடும் வாய்க்கால்,
பால் குளிர வைத்த கல்தொட்டியில்
இப்போது கேரட் கழுவுகிறார்கள்.
சமையலறை இருபத்தெட்டு எட்டு தள்ளி.
எந்தத் துரைக்கும் சூப் ஆறித்தான் வந்திருக்கும்.

மத்தியானம் கணக்கு இடித்தது.
வெளியே அறுபத்தொரு அடி.
உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால்
ஐம்பத்தெட்டே முக்கால்.
டேப் தொய்ந்திருக்கும் என்றேன்.
அற்புதராஜுக்குக் கோபம் வந்துவிட்டது.
மறுபடி அளந்தோம்.
இரண்டே கால் அடியை விழுங்கிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது வீடு.

விறகுக் கொட்டகையில்
உர மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது கதவு.
திறந்தால்
மூன்று அறைகளின் முதுகை ஒட்டிப் போகும் சந்து.
ஒவ்வொரு கணப்புக்கும் பின்னால் ஓர் இரும்பு மூடி.
விறகு உள்ளே போகலாம்,
சாம்பல் வெளியே வரலாம்,
சுமந்தவன் முகம் மட்டும்
வரவேற்பறைக்கு வர வேண்டாம்.
அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு
தீ தானாகவே எரிந்துகொண்டிருந்தது.

டார்ச் அடித்தேன்.
இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்கு
சுவர் மினுங்கியது,
மாடு உரசி உரசி வழவழப்பான கல்தூண் போல.
அதற்கு மேலே கரியால் ஏதோ கிறுக்கல்.
௰௪. ௯. ௰௨. ௰௪.
ஓரிடத்தில் ௨௰, அதன் அடியில் அழுத்தமாக ஒரு கோடு.
விறகுக் கட்டுகளோ, கூலி பாக்கியோ,
ஊருக்குப் போக மீதமிருந்த நாட்களோ.
தமிழ் எண்கள்தான்.
படிக்க நான்
போனில் தேட வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் ஐவரும் கேட்டார்கள்:
"அந்தச் சந்து யாரு பாகத்துல வருது?"
தன் அறைச் சுவர்தான் என்றார் பெள்ளி கவுடர்.
ஹோம்ஸ்டே நடத்த நினைக்கும் மூன்றாமவர்
விருந்தாளிகளுக்குக் காட்டலாம் என்றார்.
துடைப்பம் வைக்கலாம் என்று கடைசித் தம்பி சொன்னதற்கு
யாரும் சிரிக்கவில்லை.

வரைபடத்தில் அந்த இடத்தைச் சாய்கோடுகளால் நிரப்பி
பொது வழி என்று எழுதினேன்.
கட்டடத்தின் வயது: 99.
கட்டம் அவ்வளவுதான் கொள்ளும்.

ஊட்டி பஸ்ஸில்
அற்புதராஜின் வெள்ளைச் சட்டையில்
இரண்டு தோளிலும் கரி.
தட்டித் தட்டிப் பார்த்தார்.
பரவியது.