நிகர எடை

செம்பனைக் குலையோடு லோரி தராசுப் பாலத்தில் ஏறும்.
முப்பத்திரண்டு டன், நூற்று நாற்பது கிலோ.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது பன்னிரண்டு சொச்சம்.
கழித்தால் வருவது பழம்.
பதினெட்டு வருடமாய் எனக்குத் தெரிந்த கணக்கு இது,
பகாவ் டவுனுக்கு வெளியே, மில் புகைபோக்கியின் அடியில்.

போன செவ்வாய் சிரம்பான் ஆஸ்பத்திரியில்
மிஸ்ஸி நோர்ஹயாதி ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டாள்.
நிறமில்லை. தண்ணீர் மாதிரி.
எவ்வளவு மருந்து என்றேன், வாய்ப்பழக்கம்.
இரண்டு மில்லிகிராம்.
என் தராசு இதைக் காற்று என்று சொல்லும்.

செடியிலிருந்து எடுத்ததாம். கைப்பேசியில் படம் காட்டினாள்:
ஊதாவில் ஐந்து இதழ், நடுவில் சிவந்த கண்.
அட, தராசு அறைக்குப் பின்னால் சாக்கடையோரம்
யாரும் நடாமலே நிற்கிறதே!
அவளுக்கு அது கெமுந்திங் சீனா.
எங்கள் வீட்டில் நித்திய கல்யாணி,
அடுத்த வீட்டில் சுடுகாட்டு மல்லி.

என் கழுத்துக் கட்டியின் செல்
சாக மறந்தது. அவ்வளவுதான் அதன் குற்றம்.
ஒன்று இரண்டாகும் நேரம் உள்ளே கயிறு திரிக்கும்,
சொத்தை இரு பக்கமும் சமமாய் இழுத்துக்கொள்ள.
பூவின் சாறு அந்தக் கயிற்றைத் திரிய விடாது.
பாகம் பிரியாமல் செல் நடுவீட்டில் நிற்கிறது.
நிற்கிறது.
பிறகு அதன் பாய்லர் அறையில் ஒரு கசிவு.
கத்தரிகள் விழித்துக்கொள்கின்றன.
மருந்து கொண்டுவந்த கத்தரிகள் இல்லை,
பிறந்த அன்றே மடித்து உள்ளே வைத்தவை.
தன் ஏட்டைத் தானே நறுக்கி
சின்னச் சின்னப் பொட்டலமாய்த் தன்னைக் கட்டிவைக்கும்.
அக்கம்பக்கத்துச் செல்கள் வாரித் தின்றுவிடும்.
சங்கு இல்லை, சீழ் இல்லை.

லோரிக்காரன் சௌரிநாதன் பை நிறையப் பிடுங்கிவந்தான்,
வேரும் மண்ணுமாய்.
"அவிச்சுக் குடிங்கக்கா. பஸ்ஸேறி ஏன் அல்லாடுறீங்க?"
ஒரு கிராம் எடுக்க உன் லோரி கொள்ளுமளவு இலை வேண்டும்,
மீதி இலைக்குள் என்ன விஷமோ,
உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது என்றேன்.
டன் கணக்கு அவனுக்குப் புரியும். தலையைச் சொறிந்தான்.
மறுநாள் பார்த்தால் மைலோ டின்னில் மூன்று செடி,
என் ஜன்னலில்.

நரம்புக்குள்ளும் அதே கயிறுதான் ஓடுகிறதாம்.
மருந்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது.
விரல் நுனி மரத்துவிட்டது;
ஐந்தை அழுத்தினேனா ஆறையா,
திரையைப் பார்த்தால்தான் தெரிகிறது.
நேற்று ஒரு நம்பர் மாறி
ஒருவன் பழம் இன்னொருவன் கணக்கில் போனது.
மேனேஜர் லிம் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று பன்னிரண்டரைக்கு லோரி வரத்து இல்லை.
பாலத்தின் நடுவே போய் நின்றேன்.
இரும்புத் தட்டின் சூடு செருப்புக்கு எட்டியது,
பாதத்துக்கு எட்டவில்லை.
சௌரிநாதன் உள்ளேயிருந்து கத்தினான்: "நாப்பது!"
இருபது இருபதாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
வார்டு மெஷின் நாற்பத்தேழு என்றது.

விட்டுப்போன ஏழு கிலோவில்
எவ்வளவு நான், எவ்வளவு அது?
காலி லோரி இன்னும் திரும்பவில்லை.
கழிக்க முடியாது.